அப்பா எங்கே என்று அம்மா கேட்கும்போது என்ன சொல்வது?

மேடத்துக்கு வணக்கம்.

நேராக விஷயத்துக்கே வருகிறேன். என் அம்மாவுக்கு அல்சைமர் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. தினமும் சாயங்காலம் ஆனால் "அப்பா இன்னும் வரலையே" என்று வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்க ஆரம்பித்துவிடுகிறார். அப்பா இறந்து மூன்று வருடம் ஆகிவிட்டது. இதற்கு நான் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று தெரியாமல்தான் எழுதுகிறேன்.

எனக்கு 52 வயது. திருச்சியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் அலுவலக வேலை. அம்மாவுக்கு 77, தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நாங்கள் பிறந்து வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில்தான். இப்போது நாங்கள் இருப்பது அப்பா ரிட்டயர் ஆன பணத்தில் கட்டிய வீடு, இருபது வருடமாக இங்கேதான் இருக்கிறோம், ஆனால் அம்மா "வீட்டுக்குப் போகலாம், சங்கு ஊதிடுச்சு, அவர் வந்து பூட்டின வீட்டைப் பார்த்துட்டு நிப்பார்" என்கிறார்.

ஆரம்பத்தில் உண்மையைச் சொன்னேன். "அம்மா, அப்பா இறந்துட்டாரும்மா, நீங்களும் நானும் கூடத்தானே இருந்தோம்" என்றேன். அதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்பதுபோல உடைந்துபோய் அழுதார். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று என்னையே கேட்டார். அரை மணி நேரம் கழித்து மறுபடியும் "அப்பா வரலையே". இப்போது "டியூட்டி, லேட்டா வருவார்" என்று என் கணவர் சொல்லச் சொல்கிறார். அம்மா எங்களை வளர்த்த விதம் அப்படி இல்லை, மேடம். எதைச் செய்தாலும் மன்னிப்பார், பொய் சொன்னால் மட்டும் ஒரு நாள் முழுக்கப் பேச மாட்டார். அவரிடம் போய் தினமும் பொய் சொல்வது, அதுவும் அப்பா விஷயத்தில், எனக்கு முடியவில்லை.

அடுத்தது, பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. தங்கமானவர். அம்மா அவரிடம் "என் வளையலை எடுத்துட்ட" என்று சண்டை போடுகிறார். வளையல் ஒரு தடவை அரிசி டின்னில் இருந்தது, ஒரு தடவை தலையணை உறைக்குள். அந்த அக்கா இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்கிறார். சொந்தக்காரர்கள் எல்லாம் "நீ வேலையை விட்டுட்டுப் பெத்த தாயைப் பாரு" என்கிறார்கள். எனக்கு இன்னும் எட்டு வருடம் சர்வீஸ் இருக்கிறது, மகள் கல்லூரியில் படிக்கிறாள்.

புனேயில் இருக்கும் என் அண்ணன் இதை நம்பவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்வார். அம்மா "சாப்பிட்டியாப்பா, பிள்ளைங்க நல்லா படிக்குதா, மழை உண்டா அங்கே" என்று அழகாகப் பேசிவிடுவார். "வயசானா மறதி வரத்தான் செய்யும், நீ பெரிசாக்காதே" என்பார் அண்ணன். போனை வைத்த அடுத்த நிமிடம் யார் பேசியது என்று அம்மாவுக்குத் தெரியாது. இன்னொன்று, சில நாட்களாக என்னை "அக்கா" என்று கூப்பிடுகிறார். இறந்துபோன எங்கள் பெரியம்மா என்று நினைத்துக்கொள்கிறார். அதைக் கேட்கும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுதத் தெரியவில்லை.

ஒரு வாசகி, திருச்சி

*

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா விஷயத்தையே முதலில் எடுத்துக்கொள்கிறேன், உங்களை அதிகம் வதைப்பது அதுதான் என்று தெரிகிறது.

அல்சைமர் முதலில் கைவைப்பது மூளையில் ஹிப்போகேம்பஸ் என்ற சிறிய பகுதியையும் அதை ஒட்டியிருக்கும் இடங்களையும். இன்று நடப்பதை நாளைக்கு நினைவில் வைக்கப் பதிந்து தரும் வேலை அதனுடையது. அறிகுறி வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே மூளைக்குள் இந்த மாற்றம் தொடங்கிவிடுகிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் நோய் என்று சொல்லியிருக்கிறார்கள், அப்பா இறந்தது மூன்று வருடத்துக்கு முன். கணக்குப் போட்டுப் பாருங்கள், அப்பா போன சமயத்திலேயே அம்மாவின் மூளை புதியதைச் சரியாகப் பதியும் நிலையில் இருந்திருக்காது. பொன்மலை வாழ்க்கை அப்படியில்லை, பல வருடங்கள் தினமும் ஒர்க்‌ஷாப் சங்குச் சத்தத்தோடு பதிந்துபோன வாழ்க்கை. அதனால் அம்மாவுக்கு அப்பா வேலைக்குப் போய்விட்டுத் திரும்புவது உண்மையாக இருக்கிறது, அவருடைய மரணம் அன்றைக்கு நீங்கள் சொல்லும் புதுச் செய்தியாக இருக்கிறது. நீங்கள் உண்மையைச் சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவர் அன்றுதான் விதவையாகிறார். அந்தத் துக்கம் ஆறுவதற்கு வேண்டிய நினைவும் அவரிடம் இல்லை. இதைத் தினமும் செய்ய எந்த நேர்மையும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

அதற்காக "லேட்டா வருவார்" என்று சொல்லியே ஆக வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்கு அது வாயில் வராது என்றால் விட்டுவிடுங்கள். அம்மா கேட்பதில் இருப்பது ஒரு தவிப்பு, அதற்குப் பதில் சொல்லுங்கள். "அப்பா ஞாபகமாவே இருக்கா? எனக்கும்தான்மா. டியூட்டி முடிஞ்சு வந்தா முதல்ல என்ன கேப்பார், காபியா, சுடுதண்ணியா?" என்று கேட்டுப் பாருங்கள். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. அம்மா பேச ஆரம்பித்துவிட்டால் வாசலை மறந்துவிடுவார், பெரும்பாலான நாட்களில். சில நாள் இதுவும் வேலை செய்யாது, அன்றைக்கு வாசலைத் தாண்டித் தெருமுனை வரை கூடவே நடந்துவிட்டுத் திரும்புங்கள், வாக்குவாதத்தைவிட நடை எவ்வளவோ மேல். ஒரே ஒரு விதிவிலக்கு. அம்மாவே உங்கள் முகத்தைப் பார்த்து "அவர் போயிட்டாரா?" என்று கேட்டால் மறுக்காதீர்கள். அந்த நேரத்தில் அவருக்கு ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது. "ஆமாம்மா" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளுங்கள்.

சாயங்காலத்தில் இது கூடுவது இந்த நோயில் மிகச் சாதாரணம். பொழுது மங்கும்போது நிழலும் அரைவெளிச்சமும் குழப்பும், பகல் முழுக்க விழித்திருந்த களைப்பும் சேரும். இருட்டும் முன்பே கூடத்தில் நல்ல விளக்கைப் போட்டுவிடுங்கள். சத்தமான டி.வி. சீரியல் வேண்டாம், சீரியலில் அழுபவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டதாக நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கைக்கு ஒரு வேலை கொடுங்கள், கீரை ஆய்வது, துணி மடிப்பது, பூ கட்டுவது. ஆசிரியையாக இருந்தவர் என்கிறீர்கள், பழைய நோட்டும் சிவப்புப் பேனாவும் கொடுத்தால் திருத்த உட்கார்ந்துவிடுவார் என்றுகூடத் தோன்றுகிறது. செய்து பாருங்கள்.

வளையல் விஷயம். அம்மா பத்திரமாக ஒளித்து வைக்கிறார், ஒளித்தது நினைவில் இல்லை, பொருள் காணவில்லை என்பது மட்டும் கண்ணுக்குத் தெரிகிறது. அந்த ஓட்டையை மனம் "யாரோ எடுத்துட்டாங்க" என்று நிரப்பிக்கொள்கிறது. நாள் முழுக்கப் பக்கத்தில் இருப்பவர்தான் அதில் மாட்டுவார். இதை அந்த அக்காவிடம் உங்கள் வாயால், கணவர், மகள் எல்லோரும் இருக்கும்போது சொல்லுங்கள்: "உங்க மேல எங்களுக்கு ஒரு சந்தேகமும் இல்லை, இது நோய் பேசுற பேச்சு." அவருக்கு மரியாதை போகிறது என்பதுதான் வலி, சம்பளம் இரண்டாவது. தங்க வளையலைக் கழற்றிப் பூட்டி வைத்துவிட்டு அதே மாதிரி கவரிங் இரண்டு மூன்று ஜோடி வாங்கிப் போடுங்கள். காணாமல் போனால் "எடுக்கலை" என்று சாதிக்காமல் "வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று அந்த அக்கா எழுந்தாலே பாதிச் சண்டை அடங்கும்.

அண்ணன் போனில் கேட்பது உண்மையில் தெளிவாகப் பேசும் அம்மாவைத்தான், அதனால் அவர் மேல் ரொம்பக் கோபப்பட வேண்டாம். சாப்பிட்டியா, பிள்ளைகள் எப்படி, மழை உண்டா என்பவை ஆயுள் முழுக்கப் பேசித் தேய்ந்த பேச்சு, அவற்றுக்குப் புது நினைவு தேவையே இல்லை. விருந்தாளி முன்னால் கொஞ்ச நேரம் தெளிவாக இருந்துவிடவும் இவர்களால் முடியும். ஆனால் வயதானால் எல்லோருக்கும் வருவது என்று அவர் சொல்வது தவறு. இந்தியாவில் 60 வயது தாண்டியவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் அல்சைமரும் அடங்கிய மறதி நோய் (டிமென்ஷியா) இருக்கிறது என்று 2023-ல் வெளியான பெரிய ஆய்வு சொல்கிறது, எண்ணிக்கையில் சுமார் 88 லட்சம் பேர். வயது மட்டுமே காரணம் என்றால் மீதி 93 பேருக்கு என்ன பதில்? இதை எல்லாம் போனில் வாதாடி நிரூபிக்க முடியாது. அண்ணனை ஒரு பத்து நாள் வரச் சொல்லுங்கள், நீங்கள் அந்த நாட்களில் வீட்டில் இருக்க வேண்டாம். மகளோடு எங்காவது போய்விட்டு வாருங்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தால் எல்லாவற்றையும் நீங்களே சமாளித்துவிடுவீர்கள், அவருக்கு ஒன்றும் தெரியாமலே போகும். குளிக்க வைப்பது, மாத்திரை கொடுப்பது, சாயங்காலம் ஆறு மணி, இவை மூன்றையும் தனியாகப் பார்த்துவிட்டால் அப்புறம் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

வேலையை விடாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். இந்த நோய் பல வருடங்கள் போகும், இனி வரும் கட்டத்தில்தான் பணமும் ஆட்களும் கூடுதலாகத் தேவைப்படும். பள்ளிக்கூடத்தில் இருக்கும் அந்த எட்டு மணி நேரம்தான் உங்களை நிதானமாக வைத்திருக்கிறது என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போதே தெரிகிறது. பெற்ற தாயைப் பார் என்று சொல்பவர்களில் யார் வாரம் ஒரு சாயங்காலம் வந்து உட்காரத் தயார் என்று கேளுங்கள். அண்ணனால் வர முடியாத மாதங்களில் இரண்டாவது ஆளுக்கான சம்பளத்தை அவர் கொடுக்கட்டும். அதை உதவியாகக் கேட்காதீர்கள், அவருக்கும் அம்மாதான்.

மருத்துவத்தில் சில விஷயம். பி12, தைராய்டு இரத்தப் பரிசோதனையும் மூளை ஸ்கேனும் எடுத்தார்களா என்று பாருங்கள், சரிசெய்யக்கூடிய மறதி சில பேருக்கு இவற்றில் அகப்படும். டோனெபெசில் போன்ற மாத்திரை நோயை நிறுத்தாது, சிலருக்கு அறிகுறியைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடும், அவ்வளவுதான். ஒன்றிரண்டு நாளில் திடீரென்று குழப்பம் ஏறினால் நோய் முற்றிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள், சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ நீர் போதாததோ இருக்கலாம், உடனே காட்டுங்கள். மருந்துக்கடையில் கேட்டுத் தூக்க மாத்திரையோ தூக்கம் வரவைக்கும் சளி மருந்தோ கொடுக்கவே கூடாது, குழப்பம் கூடும், விழுவார். ஆவேசத்துக்கு டாக்டர் மனநல மாத்திரை எழுதினால் எவ்வளவு நாளைக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள், மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு அதில் உயிராபத்து சற்றுக் கூடுவது தெரிந்த விஷயம்.

வாசலுக்குப் போகிற அம்மா ஒரு நாள் கேட்டைத் தாண்டுவார். தாழ்ப்பாளைக் கண்ணுக்குப் படாத உயரத்தில் மாற்றுங்கள், உங்கள் போன் நம்பரை அவர் கழுத்துச் சங்கிலியிலோ சுருக்குப்பையிலோ வையுங்கள், ஆட்டோ ஸ்டாண்டிலும் பூக்காரம்மாவிடமும் மூலைக்கடையிலும் சொல்லி வையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நவம்பரில் அப்பாவின் ரயில்வே குடும்பப் பென்ஷனுக்கு ஆயுள் சான்று கொடுக்க வேண்டுமே, கையெழுத்து மாற ஆரம்பிக்கும் முன்பே வங்கி மேலாளரிடம் பேசிவிடுங்கள். கையெழுத்துப் போட முடியாதவர்களிடம் இரண்டு சாட்சிகள் முன் கைரேகை வாங்க ரிசர்வ் வங்கியே வழி வைத்திருக்கிறது, சாட்சிகளில் ஒருவர் வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். வீடு அம்மா பெயரில் இருந்தால், பவர் எழுதி வாங்கிக்கொண்டால் போதும் என்று யாராவது சொல்வார்கள். எழுதிக் கொடுத்தவருக்குப் புரியும் சக்தி போய்விட்டால் நம் சட்டப்படி அந்தப் பவர் செல்லாது. இப்போதே அண்ணனும் நீங்களும் சேர்ந்து ஒரு வக்கீலைப் பாருங்கள்.

பேச ஆள் வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, முதியோர் உதவி எண் 14567, இரண்டிலும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநல நிறுவனம் மறதி நோய்க்கென்றே ஒரு பிரிவு நடத்துகிறது. 1992-ல் கேரளாவின் குன்னங்குளத்தில் தொடங்கிய அல்சைமர் சங்கத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு.

"அக்கா" என்று கூப்பிடுவதைப் பற்றி. உங்கள் பெயர் அவருக்குப் போய்விட்டிருக்கலாம். ஆனால் பயப்படும் நேரத்தில் தன்னைப் பார்த்துக்கொள்ளும் ஒருத்தி பக்கத்தில் இருக்கிறாள் என்பது போகவில்லை, அந்த இடத்தில் அவருக்குத் தெரிந்த மனுஷி பெரியம்மா. திருத்தாமல் "என்னம்மா" என்று கேளுங்கள். வருத்தம் இருக்கத்தான் செய்யும், அதைக் கணவரிடமோ மகளிடமோ சொல்லி அழுங்கள். அப்பா இறந்ததிலிருந்து அவரைப் பற்றி உட்கார்ந்து பேச உங்களுக்கு ஆளே கிடைக்கவில்லை என்று எனக்குப் படுகிறது. பேச வேண்டிய ஆள் அம்மாதான், அவரிடமோ அந்த மரணமே நடக்கவில்லை. அண்ணன் வரும்போது ஒரு இரவு இரண்டு பேரும் அப்பாவைப் பற்றிப் பேசுங்கள்.

உங்கள் கடிதத்தில் இரவைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அம்மா தூங்குகிறாரா, எத்தனை தடவை எழுந்திருக்கிறார், முக்கியமாக நீங்கள் தூங்குகிறீர்களா என்று எழுதுங்கள். மாத்திரையை எந்த நேரத்தில் கொடுக்கிறீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள், டோனெபெசிலை இரவில் போட்டால் சிலருக்குக் கெட்ட கனவு வரும், காலைக்கு மாற்றலாமா என்று டாக்டரைக் கேட்கலாம்.