வாக்காளர் அட்டை மட்டும் போதாது

வணக்கம். தாயாரின் தேசிய அடையாள அட்டையில் இலக்கம் அழிந்துபோனதால், தபாலில் வந்த வாக்காளர் அட்டையோடு போனால் வாக்களிக்க விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள். விடமாட்டார்கள். அந்த அட்டை சாவடியையும் தொடரிலக்கத்தையும் சொல்லுமேயன்றி ஆளை அடையாளம் காட்டாது. இலங்கையில் 2004 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தபின், ஏற்றுக்கொள்ளப்பட்ட அடையாள அட்டை ஒன்றைக் காட்டியே ஆகவேண்டும். செல்லுபடியான கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப்பத்திரம், ஓய்வூதியர் அட்டை, முதியோர் அட்டை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் போதும். முதியோர் அட்டையை முதலில் தேடுங்கள். பலர் அதைக் கிளினிக் கொப்பிக்குள் செருகிவிட்டு மறந்துவிடுகிறார்கள். எதுவுமே இல்லையெனில், புகைப்படங்களோடு நாளைக்கே விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். வாக்களிப்புக்குச் சில நாட்கள் முன்னரே விண்ணப்பம் ஏற்பதை நிறுத்திவிடுவார்கள்.

இவ்விதியே அநியாயம் என்ற உங்கள் கருத்தோடு எனக்கு உடன்பாடில்லை. வெளிநாடு போனவர்களின் பெயர்கள் வாக்காளர் இடாப்பில் (பட்டியலில்) கிடக்கும் எங்கள் ஊர்களில், கள்ளவாக்குக்குக் கதவைத் திறந்துவிட முடியாது. ஆயினும், லமினேற் உரிந்த அட்டையில் முகம் தெரியவில்லையென்று என் மாமியாரை ஒருமுறை வாசலிலேயே திருப்பி அனுப்பியபோது, அவர் வெயிலில் குடையை விரிக்கவும் மறந்து நடந்துவந்தது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தற்காலிக அட்டை வாக்களிப்புக்கு மட்டுமே செல்லும் என்பதால், புதிய தேசிய அட்டைக்கும் அதே நாளில் விண்ணப்பித்துவிடுங்கள்.