விமானக் கதவிலிருந்து அறைக் கதவு வரை: பாரிசில் தனியாக இறங்குவோருக்குச் சில பதில்கள்

முதன்முறையாகத் தனியாக வெளிநாடு செல்லவிருக்கும் சென்னை நண்பர்கள் சிலர், பாரிஸ் நகரில் போய் இறங்குவது குறித்து என்னிடம் கேட்ட கேள்விகளையும் அவற்றுக்கு நான் எழுதிய பதில்களையும் கீழே தருகிறேன். வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று மேற்கு மாம்பலத்தில் வசிக்கும் நான், முதன்முதலில் தனியாகப் போன வெளியூர் பாரிஸ்தான். அதன் பிறகு மூன்று முறை போய் வந்துவிட்டேன். ஊரைச் சுற்றிக்காட்ட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விமானக் கதவைத் தாண்டியதிலிருந்து தங்கும் அறையின் கதவைத் திறக்கும் வரையிலான மூன்று நான்கு மணி நேரத்தைப் பற்றி மட்டுமே நான் பேசப் போகிறேன்; நம் வயிற்றைக் கலக்கும் பயமெல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.

பெரம்பூரிலிருந்து ஒரு பெண்: வணக்கம் அம்மா. எனக்கு ஆங்கிலமே தட்டுத் தடுமாறித்தான் வரும். இமிகிரேஷனில் ஏதாவது தப்பாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் என்ன செய்வது?

அவர்கள் உங்கள் ஆங்கிலத்தைச் சோதிப்பதில்லை. எதற்காக வந்தீர்கள், எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்ற மூன்றைத்தான் பெரும்பாலும் கேட்பார்கள். "சுற்றுலா, எட்டு நாள், இந்த விடுதி" என்று மூன்று சொற்களில் சொன்னாலே போதும். விசா இருப்பதாலேயே உள்ளே விட்டாக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை என்பதால், திரும்பும் பயணச்சீட்டு, விடுதி முன்பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, குறைந்தது 30,000 யூரோவுக்கான பயணக் காப்பீடு ஆகிய நான்கையும் அச்சிட்டுக் கைப்பையில் வைத்திருங்கள். இவற்றைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டு, அதிகாரி முன் வெறுங்கையோடு நின்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், அவர் தம் ஊர் நகராட்சியில் வாங்கி அனுப்ப வேண்டிய தங்கல் சான்று தேவைப்படும். அது ஒரே நாளில் கிடைப்பதன்று, இப்போதே கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதற்குப் பதிலாகக் கணினியில் பதியும் முறை 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்திருப்பதால், வரிசை மெதுவாக நகர்ந்தால் அதற்குக் காரணம் நீங்கள் அல்லர்.

தாம்பரத்திலிருந்து ஒருவர்: இரவு போய்ச் சேரும் விமானம் 4,000 ரூபாய் மலிவாக இருக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். காரணத்தை மயிலாப்பூர்க்காரருக்கு எழுதிய பதிலில் காண்க.

வேளச்சேரியிலிருந்து ஒரு தம்பி: சார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து நகருக்கு ரயிலா, டாக்சியா? டாக்சிக்காரர்கள் ஏமாற்றுவார்கள் என்கிறார்களே?

டாக்சிக் கட்டணத்தைப் பொறுத்தவரை நம் ஊரை விட அங்கே நிம்மதி அதிகம். விமான நிலையத்துக்கும் பாரிசுக்கும் இடையே அரசே மாறாத கட்டணத்தை நிர்ணயித்திருக்கிறது. 2025இல் அது நகரின் நடுவே ஓடும் சேன் ஆற்றின் வலக்கரைக்கு, அதாவது வடபுறத்துக்கு, 56 யூரோ; இடக்கரைக்கு, அதாவது தென்புறத்துக்கு, 65 யூரோ. நெரிசலானாலும் நள்ளிரவானாலும் அதில் மாற்றமில்லை. ஏமாற்றுவோர் வேறு இடத்தில் நிற்கிறார்கள். சென்ட்ரல் நிலையத்தின் வாசலில் "எங்க சார் போகணும்?" என்று பெட்டியின் கைப்பிடியிலேயே கை வைப்பார்களே, அவர்களுடைய பாரிஸ் பங்காளிகள் கோட்டு சூட்டு அணிந்து முனையத்துக்கு உள்ளேயே நின்றுகொண்டு, மிகவும் பணிவாக "டாக்சி?" என்பார்கள். உண்மையான டாக்சி ஓட்டுநர் வண்டியை விட்டு வந்து ஆள் பிடிப்பதில்லை. பலகைகளைப் பின்பற்றி வெளியே போய் வரிசையில் நின்று, கூரையில் டாக்சி விளக்குள்ள வண்டியில் மட்டும் ஏறுங்கள்.

ரயில் என்றால் ஆர்.இ.ஆர். எனப்படும் புறநகர் ரயிலின் பி தடம். 2025இல் ஒருவருக்கு 13 யூரோ. நகரின் வடபகுதியில் உள்ள பெரிய ரயில் நிலையமான கார் து நோருக்குச் சுமார் அரை மணி நேரம். வெளியேறும்போதும் சீட்டைக் காட்டித்தான் கதவைத் திறக்க வேண்டும் என்பதால் அதைக் கடைசி வரை பத்திரமாக வைத்திருங்கள். இன்னொன்று: நம் மெட்ரோவைப் போல அங்கே எல்லா ரயில்களின் கதவுகளும் தாமாகத் திறப்பதில்லை. பழைய மெட்ரோ பெட்டிகள் சிலவற்றில் ஓர் உலோகக் கொக்கியை மேல்நோக்கித் தூக்க வேண்டும். வேறு சிலவற்றில் பொத்தானை அழுத்த வேண்டும். கதவு திறக்கும் என்று காத்து நின்று, நான் இறங்க வேண்டிய நிலையத்தை ஒருமுறை கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு பெட்டி, பகல் நேரம் என்றால் ரயிலில் போங்கள். இரண்டு பெட்டி என்றால் காசைப் பார்க்காமல் டாக்சி எடுங்கள். அங்குள்ள நிலையங்களில் படிக்கட்டுகள் மிக அதிகம்.

திருவொற்றியூரிலிருந்து ஒரு பெண்: அக்கா, மாமியார் நெய்யும் பால்கோவாவும் கட்டித் தருகிறார். கறிவேப்பிலையும் கொண்டு போகலாமா?

மூன்றும் கூடாது. பிற நாடுகளிலிருந்து வரும் பயணிகள் இறைச்சியையோ பால் பொருட்களையோ ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டு வர அனுமதி இல்லை. பச்சை இலைகளுக்கும் காய்கனிகளுக்கும் தாவர நலச் சான்று வேண்டும். தேங்காய், வாழைப்பழம், பேரீச்சம்பழம், அன்னாசி, டுரியன் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்கு. பருப்புப்பொடி தாராளமாகப் போகும். நெய்யை மாமியாரிடம் பக்குவமாகத் திருப்பிக் கொடுப்பது உங்கள் பொறுப்பு.

அண்ணா நகரிலிருந்து ஒருவர்: பணத்தை எப்படிக் கொண்டு போவது, மேடம்?

முதல் நாளுக்கு 150 யூரோ அளவுக்கு ரொக்கம், மீதிக்கு இரண்டு அட்டைகள். அவை இரண்டும் ஒரே பர்சில் இருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பயன்பாட்டுக்கான வசதியை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். பல அட்டைகளில் அது மூடியே இருக்கும். இதைக் கிளம்புவதற்கு முதல் நாள் செய்யுங்கள், ஏனென்றால் ஓ.டி.பி. வரும் சிம் அங்கே உயிரோடு இருக்குமா என்பது ரோமிங்கைப் பொறுத்தது.

முப்பது ஆண்டு வங்கியில் உட்கார்ந்தவள் என்ற முறையில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஏ.டி.எம்.மிலோ கடையிலோ அட்டையைச் செருகியதும், தொகையை யூரோவில் எடுக்கவா, ரூபாயில் எடுக்கவா என்று திரை கேட்கும். ரூபாயைப் பார்த்ததும் நமக்குச் சொந்தக்காரரைப் பார்த்தது போல் இருக்கும். ஆனால் அங்கே மாற்று விகிதத்தை வைப்பவர் அந்த இயந்திரத்துக்காரர், அதில் தமக்கான லாபத்தையும் சேர்த்துத்தான் வைப்பார். எப்போதும் யூரோவையே தேர்ந்தெடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒருவர்: என் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். (குடிபெயர்வுச் சோதனை தேவை) என்று இருக்கிறது. சுற்றுலாவுக்குத் தடையா?

இல்லை. அது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போவோருக்கானது. பிரான்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

மயிலாப்பூரிலிருந்து ஒருவர்: விடுதிக்குப் பதிலாக ஒரு வீட்டு அறையை வாடகைக்கு எடுத்திருக்கிறேன். முகவரி கையில் இருந்தால் போதும் அல்லவா?

போதாது, எனக்குப் போதவில்லை. முதல் பயணத்தில் நானும் அப்படித்தான் ஓர் அறை எடுத்திருந்தேன். நவம்பர் மாதம், இரவு ஒன்பதரை மணி, பொடிமழை. முகவரியைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்ட பெருமையோடு கதவருகே போனால், அழைப்பு மணியும் இல்லை, காவலாளியும் இல்லை. எண்கள் பதித்த சிறிய உலோகப் பலகை ஒன்று மட்டும் சுவரில் இருந்தது. பாரிசின் குடியிருப்புகள் பலவற்றில் தெருக்கதவைத் திறக்க ஒரு குறியீட்டு எண்ணை அழுத்த வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்காரர் அந்த எண்ணை மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். மின்னஞ்சல் கைபேசியில் இருந்தது. கைபேசி அணைந்து போயிருந்தது. நாற்பது நிமிடம் நின்றேன். குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்த ஓர் அம்மையாரிடம் "மேடம், ப்ளீஸ்" என்று பாய்ந்தேன். அவர் முகம் இறுகிவிட்டது. யாரிடம் எதைக் கேட்பதானாலும் பகலில் "போன்ழூர்", மாலைக்கு மேல் "போன்சுவார்" என்று முதலில் வணக்கம் சொல்லாமல் பேச்சைத் தொடங்குவது அங்கே மரியாதைக் குறைவு என்பது பிறகுதான் தெரிந்தது. நல்லவேளையாக என் நனைந்த பெட்டியைப் பார்த்து அவர் மனம் இளகிவிட்டார்.

ஆகவே, வீட்டுக்காரரிடம் தெருக்கதவு எண், உள்ளே இரண்டாவது கதவு உண்டா, எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி, சாவி யார் கையில் என்ற ஐந்தையும் இன்றே கேட்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். படிக்கட்டு விளக்கு சற்று நேரத்தில் தானாக அணைந்துவிடும். பயந்துவிடாமல் சுவரில் மங்கலாக ஒளிரும் பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். தாம்பரம் நண்பரே, 4,000 ரூபாய்க்கு இதையெல்லாம் இருட்டில் செய்ய வேண்டுமா?

குரோம்பேட்டையிலிருந்து ஒரு பெண்: தனியாக வந்திருக்கும் பெண் என்று தெரிந்தால் ஆபத்தில்லையா?

உடலுக்கான ஆபத்தை விடப் பைக்கான ஆபத்தே அங்கு அதிகம். கையெழுத்துப் போடச் சொல்லி அட்டையை நீட்டுவோர், தரையிலிருந்து மோதிரம் எடுத்து "உங்களுடையதா?" என்போர், சாக்ரே கெர் தேவாலயப் படிகளில் விரலில் நூலைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுவோர் ஆகியோரிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள், அவர்களுக்கு மட்டும் போன்ழூர் தேவையில்லை. அவசர உதவிக்கு 112. பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் புகார், பிறகு பாரிசின் பதினாறாம் வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகம்.

சைதாப்பேட்டையிலிருந்து ஒருவர்: சைவச் சாப்பாடு கிடைக்குமா? முதல் நாளே நம் சாப்பாட்டைத் தேடுவது வெட்கமாக இருக்கிறது.

வெட்கம் எதற்கு? கார் து நோர் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் லா சப்பல் பகுதி. ஈழத்தமிழர் கடைகள் நிறைந்த அத்தெருக்களில் பெயர்ப்பலகைகளே தமிழில் இருக்கும். அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயம் இருக்கிறது. ஆண்டுதோறும் கோடையின் முடிவில் அதன் தேர் அந்தத் தெருக்களில் வலம் வருகிறது. களைத்துப் போய் உட்கார்ந்த எனக்குத் தோசையை வைத்துவிட்டு, "எங்கயிருந்து வாறீங்கள் அம்மா?" என்று ஒருவர் கேட்டபோதுதான் அன்றைக்கு என் தோள்கள் கீழே இறங்கின. பிரெஞ்சு உணவை மறுநாள் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

பெரம்பூர்ப் பெண் மீண்டும்: கடைசியாக ஒன்று, அம்மா. இறங்கியதும் வீட்டுக்குப் போன் செய்யச் சொல்லி அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறார்.

அந்தச் சத்தியத்தை மாற்றி வாங்கச் சொல்லுங்கள். விமானம் தரையைத் தொட்ட நேரம் அவருக்கும் இணையத்தில் தெரியும். அதன் பின் வரிசை, பெட்டி, ரயில் என்று நீங்கள் இரண்டு மணி நேரம் பேச முடியாமல் போனால் அவர் பாடு திண்டாட்டம். அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்ட பிறகு பேசுவதாகச் சொல்லுங்கள். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நான்கரை மணி நேரம் பின்னால் இருப்பதால், காலை எட்டு மணிக்கு இறங்கி பத்தரைக்கு அறையை அடைந்தீர்களானால் பெரம்பூரில் அப்போது பிற்பகல் மூன்று. காப்பிக்குப் பால் வைக்கும் நேரம். அவரும் அடுப்பை அணைத்துவிட்டு ஆற அமரப் பேசுவார்.