மூங்கில் கழியில் இருக்கும் கருவண்டு கொட்டினால் ஆபத்தா?

கேள்வி: மாடித் தோட்டத்தில் அவரைப் பந்தலுக்கு நட்ட மூங்கிலில் பெரிய கருவண்டு ஒன்று இருக்கிறது. இணையத்தில் பார்த்தால் பம்பிள் பீ போலத் தெரிகிறது. நேற்று என் 6 வயது மகளின் விரலில் கொட்டிவிட்டது, இன்று புறங்கை வரை வீக்கம். ஆன்டிபயாடிக் வேண்டுமா? கழியோடு கொளுத்திவிடலாமா?

பதில்: கொளுத்த வேண்டாம், ஆன்டிபயாடிக்கும் வேண்டாம். பம்பிள் பீ இமயமலை மாதிரி குளிர்ந்த பகுதிகளின் பூச்சி, உடம்பு முழுக்க ரோமமாக இருக்கும், நம் ஊர்ச் சமவெளியில் பார்க்க முடியாது. நீங்கள் பார்ப்பது மரத்தைத் துளைக்கும் தேனீ. வயிறு ரோமமில்லாமல் பளபளவென்று கறுப்பாக இருக்கும், சிலவற்றுக்கு முதுகில் மட்டும் மஞ்சள் ரோமம், அதைப் பார்த்துத்தான் பலரும் குழம்புகிறார்கள். கழியில் விரல் நுழைகிற அளவு வட்டத் துளையும் கீழே மரத்தூளும் இருந்தால் சந்தேகமே வேண்டாம். முகத்துக்கு நேரே வந்து ரீங்காரமிட்டு மிரட்டுவது பெரும்பாலும் ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது. பெண் கொட்டும், ஆனால் கையில் அகப்பட்டு நசுங்கினால்தான். பாப்பா கழியைப் பிடித்திருப்பாள்.

கொட்டிய இடம் ஒன்றிரண்டு நாள் வீங்கிக்கொண்டே போவது வழக்கம்தான், சீழ் பிடித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம். சோப்பு போட்டுக் கழுவி, ஐஸ்கட்டியைத் துணியில் சுற்றி பத்து நிமிடம் வையுங்கள், மோதிரம் போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள். வலிக்கு பாராசிட்டமால், அரிப்புக்கு செட்ரிசின், இரண்டும் அவள் எடைக்குத் தகுந்த அளவில். சுண்ணாம்பு மட்டும் தடவாதீர்கள், தோல் வெந்துபோய் வருகிற குழந்தைகள் உண்டு. மூன்று நாள் கழித்தும் சிவப்பு பரவினாலோ காய்ச்சல் வந்தாலோ காட்டுங்கள்.

எந்தப் பூச்சி கொட்டினாலும் சரி, சில நிமிடங்களில் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு நாக்கு வீக்கம், மூச்சுத் திணறல், வாந்தி, மயக்கம் வந்தால் அது அலர்ஜி. மாத்திரை கொடுத்துக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள், தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் உயிர் காக்கும்.

உண்மையில் பயப்பட வேண்டியது கதண்டு என்கிற பெரிய குளவிக்கு. கறுப்பு உடம்பு, வயிற்றில் அகலமான மஞ்சள் பட்டை, பனை தென்னையில் கூடு, கலைத்தால் கூட்டமாக வரும். பல இடத்தில் கொட்டினால் அலர்ஜி இல்லாதவருக்கும் சிறுநீரகம் பழுதாகலாம், அதனால் வலி குறைந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். அந்தக் கூட்டை நீங்களாகக் கலைக்காதீர்கள், தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்.

உங்கள் வண்டு கத்தரிப் பூவில் மகரந்தம் உதிர்த்துக் காய் பிடிக்க வைக்கிற ஆள், அப்பாவி. பாப்பாவுக்கு எட்டாத மூலைக்குக் கழியை மாற்றிவிடுங்கள், புதுக் கழி நடும்போது வெட்டிய முனையைக் களிமண்ணால் அடைத்துவிட்டால் அந்த வழியாக உள்ளே போகாது.