மலையூர்ப் பள்ளிக்கு மரக் கட்டடம்: கரையானுக்கு முன் தண்ணீரைக் கவனியுங்கள்

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டப் பணம் திரட்டியிருக்கிறோம். தோட்டங்களில் சில்வர் ஓக் நிறைய நிற்கிறது. மரத்திலேயே கட்டலாமா? கரையான், தீ என்று பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

பதில்: தாராளமாகக் கட்டலாம். ஆனால் எல்லாமே மரமாக வேண்டாம். அஸ்திவாரமும் மேடையும் கருங்கல்லில் இருக்கட்டும். கழிப்பறையும் சத்துணவுக் கூடமும் தனியாக, கல் கட்டடமாக நிற்கட்டும். வகுப்பறையின் தூண், உத்தரம், சுவர், கூரைச் சட்டம் மட்டும் மரம் போதும். மரக் கட்டடம் எடை குறைவு என்பதால், மேடையைச் சரிவுக்கு ஏற்றபடி படிப்படியாக அமைத்து, மலையை வெட்டுவதைக் குறைக்கலாம். 2009 நவம்பர் மண்சரிவில் நீலகிரியில் 40 பேருக்கு மேல் இறந்ததை உங்கள் ஊர் மறந்திருக்காது.

கரையானைவிட நான் அஞ்சுவது தண்ணீருக்குத்தான். பழைய எஸ்டேட் பங்களா ஒன்றின் வராந்தாத் தூண்களைப் பார்க்கப் போயிருந்தேன். ஆள் உயரத்தில் தட்டினால் கணீரென்றது. தரையை ஒட்டி ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், நனைந்த சோப்பில் இறங்குவதுபோல இரண்டு அங்குலம் உள்ளே போய்விட்டது. மரத்தின் மேல் குற்றமில்லை. தூணைச் சிமென்டுக்குள் புதைத்திருந்தார்கள். மரத்தின் வெட்டுமுகம் தண்ணீரை உறிஞ்சும், சிமென்ட் அதை உலரவிடாது. ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் நெடுநாள் நின்றால் பூஞ்சை பிடித்து மரம் உளுத்துவிடும்.

ஆகவே மேடை தரையிலிருந்து ஒன்றரை அடியாவது உயரட்டும். தூண் அதன் மேல் இரும்புக் காலணியில் (தூணின் அடியைத் தாங்கும் இரும்புப் பிடி), அடியில் காற்றுப் போக இடம்விட்டு நிற்க வேண்டும். கூரை இறவாணம் மூன்று அடி வெளியே நீளட்டும். உங்கள் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பலமாக அடிக்கும், அதனால் வராந்தாவை அந்தத் திசையில் வைத்தால் சாரலை அதுவே தாங்கிக்கொள்ளும். மேடைக் கல் வெளியே தெரிந்தால் கரையான் கட்டும் மண்பாதையும் கண்ணில் படும். வாரம் ஒருமுறை பார்த்துத் தட்டிவிடலாம்.

வெறும் தகரக் கூரை போடாதீர்கள். ஐப்பசி மழை கொட்டும்போது ஆசிரியர் குரல் முதல் பெஞ்சைத் தாண்டாது. தகரத்துக்கும் கீழே அடிக்கும் சில்வர் ஓக் பலகைக்கும் நடுவே நாலு அங்குலம் இடைவெளி விட்டால் சத்தமும் அடங்கும், குளிரும் குறையும்.

தீயைப் பற்றிப் பெரியவர்கள் பயப்படுவது நியாயம். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகளை இழந்தோம். சமையலறைத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது, வெளியேறும் வழியும் குறுகல். சமையலைத் தள்ளி வைக்கச் சொல்வது அதனால்தான். ஒவ்வொரு வகுப்புக்கும் வெளிப்பக்கம் திறக்கும் இரண்டு கதவுகள் வேண்டும், ஜன்னலில் நிலையான கம்பி கூடாது, மின்கம்பிகள் குழாய்க்குள் ஓட வேண்டும். கனமான மரம் கீற்றுப்போலப் பற்றி எரிவதில்லை. வெளிப்புறம் கரியாகி, நிமிடத்துக்குச் சுமார் 0.7 மில்லிமீட்டர்தான் உள்ளே போகும். எட்டு அங்குலத் தூண் அரை மணி நேரம் எரிந்தாலும் பக்கத்துக்கு இரண்டு சென்டிமீட்டர்தான் இழக்கும். அதற்குள் பிள்ளைகள் வெளியே வந்துவிட வேண்டும். அதனால் மெலிந்த சட்டங்களில் கட்டடத்தை நிறுத்தாதீர்கள்.

சில்வர் ஓக் சுவர்ப் பலகைக்கும் கூரைக்கும் நல்லது, ஆனால் கரையானைத் தானாக எதிர்க்காது. தூணுக்கு வைரம் பாய்ந்த தேக்கு வாங்குங்கள். சில்வர் ஓக் பலகையை அறுத்த கையோடு, பச்சையாக இருக்கும்போதே போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் முக்குங்கள், ஈரத்தோடுதான் மருந்து உள்ளே பரவும். மழை பட்டால் இந்த மருந்து கரைந்துபோகும், எனவே கூரைக்கு அடியில் மட்டும். ஆர்செனிக் கலந்த மருந்து பிள்ளைகள் கை வைக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம். பலகைகளை ஆணியடிக்காமல் ஸ்க்ரூவில் பொருத்தினால், கெட்டதை மட்டும் உள்ளூர்த் தச்சரே மாற்றிவிடுவார்.

மரம் வெட்டுமுன் வனத்துறையில் கேளுங்கள். மலைப்பகுதிகளுக்கு 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கட்டட வரைபட அனுமதியும் பொறியாளர் கையெழுத்தும் தனியாக வேண்டும். தை, மாசியில் வெட்டி, பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து, கூரைக்கு அடியில் அடுக்குங்கள். மரத்தின் ஈரத்தை அளக்கும் ஈரமானி 15 சதவீதத்தை ஒட்டிக் காட்டும்வரை தச்சரை வேலை தொடங்கச் சொல்லாதீர்கள்.