இரைப்பையில் வழிதவறிய சதையித் திசுவும் ஆரம்பப் புற்றும்: கேள்வி பதில்

காத்தான்குடியிலிருந்து: வாப்பாக்கு எண்டொஸ்கொபியில ஆரம்பப் புற்று எண்டாங்க. பக்கத்தில சதையித் திசுவும் கிடக்காம். சதையிக்கும் பரவிட்டா?

பதில்: இல்லை தம்பி. கருவில் சதையி (கணையம்) உருவாகும்போதே அதில் கொஞ்சம் வழிதவறி இரைப்பைச் சுவருக்குள் தங்கிவிடும். உண்மையான சதையியோடு அதற்கு ஒட்டோ உறவோ கிடையாது. பெரும்பாலும் இரைப்பையின் கீழ்ப்பகுதியில், உள்தோலுக்கு அடியில், நடுவே தொப்புள்போலக் குழிவிழுந்த சிறு மேடாகத் தெரியும். அதுவே புற்றாக மாறுவது மிக அரிது.

களுவாஞ்சிகுடியிலிருந்து: அம்மாட மேட்டில பயொப்சி எடுத்தும் "சாதாரணம்" எண்டு வந்திருக்கு. நம்பலாமா?

பதில்: உள்தோலைப் பற்றி மட்டும் நம்பலாம். சாதாரண இடுக்கி மேற்தோலைத்தான் கிள்ளும், மேடு கிடப்பதோ அடியில். எண்டொஸ்கொபி வழியே செய்யும் அல்ட்ராசவுண்டில் அது எந்தப் படையில் இருக்கிறதென்று பார்க்கலாம். தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுப்பார்கள்.

கல்முனையிலிருந்து: புற்றும் சதையித் திசுவும் ஒண்டா இருந்தா வயிற்றை வெட்டாம எடுக்க ஏலாதா?

பதில்: ஏலும், ஆழம்தான் கணக்கு. உள்தோலுக்குள் நிற்கும், 2 சென்ரிமீற்றருக்கு மேற்படாத, புண்ணில்லாத, சுரப்பி அமைப்புக் குலையாத புற்று என்றால் எண்டொஸ்கொபியாலேயே உரித்தெடுக்கலாம்.

வில்லங்கம் இங்கேதான். அடியில் சதையித் திசு இருந்தால் அல்ட்ராசவுண்டில் அந்தப் படை தடித்துத் தெரியும். புற்று ஆழமாக இறங்கிவிட்டதென்று எண்ணி இரைப்பையையே வெட்ட நினைக்கலாம். உரிக்கும்போது ஊசியால் நீரேற்றியும் இடம் உயரவில்லை என்றால், அதை வைத்து மட்டும் புற்று ஆழமென்று முடிவு கட்டவும் கூடாது.

எடுத்த துண்டைத் தக்கையில் ஊசிகுத்தி விரித்து, போர்மலினில் போட்டு, 2 மில்லிமீற்றர் இடைவெளியில் சீவிப் பார்ப்பார்கள். அங்கும் சதையிக் குழாய்கள் புற்றுச் சுரப்பி மாதிரியே கண்ணை ஏமாற்றும். ஆகவே பயொப்சிப் படிவத்தில் "அருகே வழிதவறிய சதையித் திசு" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு வரி பெரிய உதவி. புற்று உண்மையிலேயே உள்தோலுக்கு அடியிலுள்ள படைக்குள் 500 மைக்ரோமீற்றருக்கு, அதாவது அரை மில்லிமீற்றருக்கு மேல் இறங்கியிருந்தாலோ, நிணநீர்க் குழாய்க்குள் புகுந்திருந்தாலோ சத்திரசிகிச்சைதான் பொருத்தம்.

அக்கரைப்பற்றிலிருந்து: ஒமிப்ரசோல் குடிச்சுக்கொண்டே பைலோரி கிருமிக்கு மூச்சுப் பரிசோதனை செய்யலாமா?

பதில்: செய்தால், இரைப்பைப் புற்றைத் தூண்டும் இந்தக் கிருமி இருந்தும் இல்லையென்று வரலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமிப்ரசோலைப் பரிசோதனைக்கு 2 கிழமைக்கு முன்பும், அன்டிபயோட்டிக்கை 4 கிழமைக்கு முன்பும் நிறுத்தியிருக்க வேண்டும், டொக்டரைக் கேட்டுத்தான். கிருமி இருந்தால் கட்டாயம் அழியுங்கள். அழித்தாலும் வேறிடத்தில் புதிதாகப் புற்று வரலாம் என்பதால் எண்டொஸ்கொபி கிளினிக்கை விடாதீர்கள். கருவாட்டையும் ஒரு அளவோடு வையுங்கள், உப்பு இந்த நோய்க்குத் தோழன்.