வாசகர் கேள்விகள்: மென்பொருள் ஓட்டைகளும் செயற்கை நுண்ணறிவும்

கேள்வி: மென்பொருள்களில் உள்ள பாதுகாப்பு ஓட்டைகளைச் செயற்கை நுண்ணறிவு தானாகவே கண்டுபிடிக்கிறது என்கிறார்களே, இது உண்மையா, விளம்பரமா?
– கல்லூரி மாணவி, ஈரோடு

பதில்: உண்மைதான். நம் கைப்பேசிகளில் தரவுகளைச் சேமித்து வைக்கும் எஸ்கியூலைட் என்ற மென்பொருளில், 2024 அக்டோபரில், கூகுளின் பாதுகாப்பு ஆய்வுக் குழுவான புராஜெக்ட் ஜீரோவும் அதன் செயற்கை நுண்ணறிவுப் பிரிவான டீப்மைண்டும் சேர்ந்து உருவாக்கிய 'பிக் ஸ்லீப்' என்ற ஏஐ கருவி ஓர் ஓட்டையைக் கண்டுபிடித்தது. அந்த மென்பொருளில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் எண் உண்டு; வரிசையின் அடையாள எண்ணைச் சுட்டுவதற்கு மட்டும் -1 என்ற சிறப்பு மதிப்பு வழங்கப்படும். நிரலின் ஒரு பகுதியை எழுதியவர்கள் இந்த -1 வரக்கூடும் என்பதைக் கவனிக்காமல் விட்டதால், கணினி தனக்கு ஒதுக்கப்பட்ட நினைவகத்துக்கு முன்னால் உள்ள இடத்தில் போய் எழுதியது. பிக் ஸ்லீப் நிரலைப் படித்து இதை ஊகித்ததோடு நிற்காமல், அந்த நிலையை வரவழைக்கும் வினவல் ஒன்றைத் தானே எழுதி, இயக்கி, மென்பொருள் நிலைகுலைவதைக் காட்டியது. உருவாக்குநர்கள் அன்றைக்கே திருத்திவிட்டார்கள். அந்த நிரல் அதிகாரபூர்வமாக வெளியாகியிராததால் பயனர் எவருக்கும் பாதிப்பில்லை.

தாறுமாறான உள்ளீடுகளைக் கோடிக்கணக்கில் கொடுத்துச் சோதிக்கும் ஃபஸ்ஸிங் முறையில் கணினியின் மையச் செயலியை (சிபியு) 150 மணி நேரம் உழைக்க வைத்தும் இதே ஓட்டை மீண்டும் அகப்படவில்லை. ஆனாலும், இந்த மென்பொருளுக்கென்றே தனியாக அமைத்த ஃபஸ்ஸிங் கருவி இதே அளவுக்காவது பயன் தந்திருக்கக்கூடும் என்று அந்தக் குழுவினரே எழுதியிருக்கிறார்கள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

கேள்வி: நாங்கள் பயன்படுத்தும் ஒரு திறந்த மூல நூலகத்தின் (எவரும் படித்துப் பயன்படுத்தக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பின்) நிரலை ஏஐ கருவி ஒன்றிடம் கொடுத்தேன், குறைகளின் நீண்ட பட்டியலைத் தந்தது. அதை அப்படியே பராமரிப்பாளர்களுக்கு அனுப்பிவிடலாமா?
– மென்பொருள் பொறியாளர், கோவை

பதில்: தயவுசெய்து அனுப்பாதீர்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் கோப்புகளைப் பகிர உதவும் கேஎஸ்எம்பிடி பகுதியில் ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு பிழையைக் கொண்டு, ஷான் ஹீலன் என்ற ஆய்வாளர் 2025இல் ஓபன்ஏஐ நிறுவனத்தின் ஓ3 என்ற ஏஐ மாதிரியைச் சோதித்தார். நூறு முறை ஓட்டியதில் 8 முறை அது பிழையைச் சரியாகக் கண்டது. 28 முறை இல்லாத பிழையை இருப்பதாகச் சொன்னது. அதே முயற்சியின்போதுதான், பயனர் வெளியேறும் நேரத்தில் ஓர் இழை (ஒரே நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகளில் ஒன்று) விடுவித்த நினைவகத்தை இன்னோர் இழை பயன்படுத்தும் புதிய ஓட்டை ஒன்றும் வெளிப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். பொய்யையும் மெய்யையும் பிரித்தறிய நிரலை ஆழமாக அறிந்த ஒருவர் அங்கே இருந்தார். உங்கள் பட்டியலைப் பெறும் பராமரிப்பாளருக்கு அந்த வேலையைச் செய்ய ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டுமே மிஞ்சியிருக்கலாம்.

இணையம் வழியாகத் தரவுகளை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் மென்பொருளை வளர்த்துவரும் டேனியல் ஸ்டென்பெர்க், நிரலில் இல்லவே இல்லாத செயற்கூறுகளை (ஃபங்ஷன்களை) குறிப்பிடும் ஏஐ புகார்களால் சலித்து, ஓட்டை கண்டுபிடிப்போருக்கு வழங்கிவந்த பரிசுத் திட்டத்தையே 2026 ஜனவரியோடு நிறுத்தினார். அதே ஸ்டென்பெர்க்தான், 2025 செப்டம்பரில் ஓர் ஆய்வாளர் ஏஐ கருவிகளின் துணையோடு பிழைகளைக் கண்டு, கவனமாக அனுப்பிய பட்டியலை மனமாரப் பாராட்டி, பல திருத்தங்களைச் செய்தார். கருவி இரு தரப்பிலும் இருந்தது. அனுப்பியவரின் உழைப்பு ஒரு தரப்பில்தான் இருந்தது.

ஆகவே பட்டியலிலிருந்து ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நூலகத்தின் அண்மைப் பதிப்பை, ஒரு வரியையும் மாற்றாமல், நினைவகப் பிழைகளைச் சுட்டும் சோதனை வசதியோடு உங்கள் கணினியில் தொகுத்து, பிழையைத் தூண்டும் மிகச் சிறிய உள்ளீட்டைக் கொடுத்துப் பாருங்கள். வெளியாள் ஒருவர் அனுப்பும் தரவு உண்மையில் அந்த வரியைச் சென்றடையுமா என்பதையும் உறுதிசெய்யுங்கள். முன்பே தடுக்கும் சரிபார்ப்பு இருந்தால் அது பாதுகாப்பு ஓட்டை ஆகாது. நிலைகுலைவு வந்ததும் உள்ளீட்டையும் பதிப்பு எண்ணையும் இணைத்துத் தனிப்பட்ட வழியில் தெரிவியுங்கள். அதற்கு மேல் போய்த் தாக்குதல் கருவி செய்ய வேண்டியதில்லை.

கேள்வி: இதே கருவி திருடர்கள் கையிலும் கிடைக்குமே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், திருநெல்வேலி

பதில்: கிடைக்கும். அதனால்தான் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா நடத்திய போட்டியில், கண்டுபிடிப்பதோடு திருத்தத்தையும் இயந்திரமே எழுத வேண்டும் என்று விதித்தார்கள். 2025 ஆகஸ்டில் லாஸ் வேகாஸில் முடிவு அறிவிக்கப்பட்ட இறுதிச்சுற்றில், வேண்டுமென்றே புதைத்து வைத்த ஓட்டைகளில் 54ஐ அணிகளின் கருவிகள் கண்டுபிடித்து, 43ஐ அடைத்தன. எவரும் வைக்காத உண்மையான ஓட்டைகள் 18 கூடுதலாக அகப்பட்டன. ஒரு பணிக்குச் சராசரிச் செலவு ஏறத்தாழ 152 டாலர். எனக்குக் கவலை தருவது வேறு: திருத்தம் எழுதப்பட்ட பிறகும் புதுப்பிக்கப்படாமல் கிடக்கும் கணினிகள்.

கேள்வி: பயிற்சிக்காக ஒரு வங்கியின் இணையதளத்தில் முயன்று பார்க்கலாமா?
– பாலிடெக்னிக் மாணவர், விழுப்புரம்

பதில்: கூடாது. உரிமையாளரின் அனுமதியின்றிக் கணினி அமைப்பில் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000இன் 43, 66ஆம் பிரிவுகளின்கீழ் வரும். நேர்மையற்ற அல்லது மோசடி எண்ணத்தோடு செய்ததாகக் கண்டால், 3 ஆண்டு வரை சிறையோ, 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தற்செயலாக ஏதேனும் கண்ணில் பட்டால் இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவியுங்கள். பயிற்சிக்குத் திறந்த மூல மென்பொருளின் பழைய பதிப்பொன்றை உங்கள் கணினியில் இறக்கி, ஏற்கெனவே வெளியிடப்பட்ட ஓட்டையை நீங்களாகத் தேடிப் பிடியுங்கள். விடை தெரிந்த கணக்கு என்பதால் ஏஐ எங்கே தவறு சொல்கிறது என்பதும் உங்களுக்கு உடனே புலப்படும்.