விளக்குப் பிடித்தவர்

அன்புள்ள ஐயா,

பிரான்சின் லாஸ்கோ குகையில் கற்கால மனிதர்கள் வரைந்த விலங்கு ஓவியங்கள் பற்றி ஒரு ஆவணப்படம் பார்த்தேன். வேட்டையில் விலங்கு சிக்குவதற்காகச் செய்த மந்திரச் சடங்குதானா அவை? எழுத்தறியாத காட்டு மனிதர்களுக்குள் அப்படி ஒரு மேதை எப்படித் தோன்றினான்?

ச.

அன்புள்ள ச.,

இரண்டு வாரமாக நானும் அந்தக் குகைக்குள்தான் கிடக்கிறேன். அதனால்தான் உடனே பதில்.

வேட்டை மந்திரம் பழைய கதை. அங்கே கிடைத்த எலும்புகளில் பெரும்பாலானவை துருவமானுடையவை. சுவரிலோ நூற்றுக்கணக்கில் குதிரைகள். துருவமான் ஒன்றே ஒன்று. தின்றதை அவர்கள் வரையவில்லை. சரி, அதை விடுங்கள்.

'காட்டு மனிதர்' என்று எழுத உங்களுக்குக் கூசவில்லையா? ஸ்பெயினின் அல்தாமிரா குகையிலுள்ள கற்கால ஓவியங்களை 1879-ல் சாவ்துவோலா என்பவரும் அவருடைய சின்ன மகளும் கண்டபோது, இதே திமிரில்தான் அறிஞர்கள் போலி என்றார்கள். அவர்களில் ஒருவரான கார்தய்யாக் 1902-ல் தன் தவறை எழுதி ஒப்புக்கொண்டார். சாவ்துவோலா செத்து அப்போது 14 வருஷம்.

அப்புறம் அந்த 'மேதை'. உங்கள் படத்தில் சடைமுடியோடு ஒற்றை ஆள் நின்று வரைந்திருப்பானே? லாஸ்கோவின் ஒரு பகுதியில் சாரக்கட்டைகள் செருகிய குழிகள் சுவரிலேயே இருக்கின்றன. யாரோ மரம் வெட்டி, யாரோ சாரம் கட்டி, யாரோ காவிக்கல் அரைத்திருக்கிறார்கள். யாரோ விளக்குப் பிடித்திருக்கிறார்கள்.

என் மாமா சுவரெழுத்துக்காரர். தேர்தல் வந்தால் ராத்திரியெல்லாம் வேலை. அரிக்கேன் பிடிப்பது நான். "ஆட்டாதேடா" என்பார், கொசு பிடுங்கும். அது சும்மா நிற்கிற வேலை இல்லை, ஐயா. அவர் கை நிழல் கோட்டின்மேல் விழக்கூடாது. அவர் கேட்பதற்கு முன்பே விளக்கு நகர்ந்திருக்க வேண்டும். எனக்கு அது பிடிபட இரண்டு தேர்தல் ஆனது. லாஸ்கோவில் ஒரு காளை 5 மீட்டருக்கு மேல் நீளம். கொழுப்பு ஊற்றி எரித்த சின்னச் சுடரில் அதன் முதுகுக் கோட்டை இழுக்க, கூடவே ஒரு விளக்கும் நடந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அங்கே கிடைத்த ஒரு கல்விளக்கு சிவப்பு மணற்கல்லை இழைத்துச் செய்தது. கைப்பிடியில் கோடுகள் செதுக்கியிருக்கிறார்கள். சுவரில் உள்ள குறிகளைப் போன்றவை. மேதை கிடக்கட்டும், அந்தக் கைப்பிடியைப் பிடித்தவரைப் பற்றிக் கேட்டிருக்கலாமே நீங்கள்?

மாமாவின் பிரஷ்களை அத்தை இன்னும் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறாள். அரிக்கேனைப் பற்றிப் போன மாதம் கேட்டேன். பழைய இரும்புக்காரனுக்குப் போட்டதாகச் சொன்னாள்.

அன்புடன்.